உத்தரவு

நவம்பர் இரண்டு. இறந்தவர்களின் நாள்.
காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை
எங்கள் நிலத்துக்குள் நாங்கள் போகலாம்.

குவாம் தீவின் வடக்கு முனை.
வேலி. வேலிக்கு அப்பால் ரன்வே.
ரன்வேக்கு அப்பால் என் அப்பா.

காவல்கூண்டில் இருக்கிற அமெரிக்கப் பையனுக்கு
மீசை இன்னும் முடிவெடுக்கவில்லை.
அட்டையை வாங்கி எழுத்துக் கூட்டுகிறான்:
எங்ராசியா தை... தா... னோ.
"நல்லா இருக்கே. என்ன அர்த்தம்?"
"நிலமில்லாதவர்" என்றேன்.
சிரித்தான். நான் விளையாடுவதாக நினைத்திருப்பான்.
வேலியைவிட மூத்த பெயர் அது.
ஸ்பானியர் இறங்குவதைக் கண்டவர் யாரோ
முன்கூட்டியே வைத்துவிட்டார் என்பான் கீக்கோ,
என் சித்தப்பா மகன்.

படிவத்தில் பத்துக் கட்டங்கள்.
யாரைப் பார்க்க: ஹுவான் தைத்தானோ.
என்ன உறவு: மகள்.
உள்ளே உங்களுக்குப் பொறுப்பு யார்:
மறுபடியும் ஹுவான் தைத்தானோ.
பையன் ஏறிட்டுப் பார்த்தான்.
முத்திரை விழுந்தது.

அரிவாளை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
மெழுகுவர்த்திகளை எண்ணினார்கள்.
துணைக்கு அந்தப் பையனையே அனுப்பினார்கள்,
துப்பாக்கியும் தண்ணீர் பாட்டிலுமாக.

தார்ச்சாலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில்
நான் நின்றேன். கீக்கோவும் நின்றான்.
கேட்டில் வாங்கியது ஒரு உத்தரவு.
அது காகிதத்துக்கு.
இங்கே வாங்க வேண்டியது வேறு.

மூத்தவளே, மூத்தவரே, வழி விடுங்கள்,
உங்கள் மண்ணை மிதித்துப் போகிறோம்.
அதோடு முடியாது. இதையும் சொல்ல வேண்டும்:
நீங்கள் என் இடத்துக்கு வந்தால்
கேட்காமலே நடமாடலாம்.
என் இடம் தெதேதோவில் மூன்றாம் மாடி.
வாடகை. நாய்க்குக்கூட அனுமதியில்லை.
ஆனாலும் சொன்னேன். சொல்லாமல் கால் வைப்பதெப்படி?

கல்லறையைக் காணவில்லை. புல்தான் இருந்தது.
கையால் பிடுங்கினோம். விரல் அறுந்தது.
ஒரு மணி நேரத்தில் அப்பாவின் பெயர் தெரிந்தது,
முதலில் கடைசி எழுத்து.
மேலே விமானம் ஒன்று இறங்கியது.
கீக்கோ ஜெபத்தை நிறுத்தி,
சத்தம் ஓய்ந்ததும்
விட்ட சொல்லிலிருந்து தொடங்கினான்.
ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலும் இதே பழக்கம்தான்.

அப்போதுதான் கேட்டது.
ஆலமரத்துக்குப் பின்னால் ஜிப் இறங்கும் சத்தம்.

எங்கள் மூத்தோர் விழுதுகளுக்குள் இருப்பவர்கள்.
கேட்காமல் நனைத்தவனை விட்டதில்லை.
கால் பூசணியாக வீங்கும்,
டாக்டர் பெயர் கண்டுபிடிக்க மாட்டார்.
கீக்கோ என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினான்.
"வீங்கட்டும்."

நான் யோசித்தேன்.
இந்த வேலியை அவன் போடவில்லை.
போர் முடிந்த வருஷம், அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்து
படிக்கத் தெரியாத தாளில் அழுத்தியபோது
அவன் அப்பன்கூடப் பிறந்திருக்க மாட்டான்.
ஆனால் சாவி அவன் இடுப்பில்தான் தொங்குகிறது.

மூத்தவளே, மூத்தவரே,
இவன் யார் வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று தெரியாதவன்.
பாதி மனசோடு கேட்டேன்.
பாதிக்கால் வீங்கினால் போதும்.

பதினொன்று ஐம்பதுக்குக் கைக்கடிகாரத்தைத் தட்டினான்.
அப்பா நட்ட ஈரப்பலாவில்
பருவம் தப்பி ஒரே ஒரு காய்.
எட்டிப் பறித்துப் பைக்குள் போட்டேன்.

கேட்டில் பையைத் திறந்தார்கள்.
"உள்ளே இருப்பதெல்லாம் அரசாங்கச் சொத்து, மேடம்."
காயை எடுத்து மேசைமேல் வைத்தார்கள்.
அதை என்ன செய்வதென்று
அங்கே யாருக்கும் தெரியவில்லை.

பதிவேட்டில் வெளியேறிய நேரம் எழுதினேன்.
பேனா விரலை விட்டு வரவில்லை.
காம்பு ஒடிந்த பால்.
சோப்புக்கு அசையாது, எண்ணெய் வேண்டும்.
பையன் தொடையைச் சொறிந்துகொண்டே
பக்கத்தைப் புரட்டப் பார்த்தான்.
இன்றைய தாள்
நாளைய தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தது.